பென்சில் மேல போட்ட பழி: டிஸ்னியோட மறந்துபோன வருஷங்கள்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.

மெட்ரோல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேக்குறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்குறவங்க, காலண்டர்ல ‘ஃபோகஸ் டைம்’னு பிளாக் பண்ணிட்டு இதைக் கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். கடைசி குரூப்பை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன், கவலைப்படாதீங்க.

ஒரு சின்ன டெஸ்ட் வெச்சு ஆரம்பிப்போம். டிஸ்னி அனிமேஷன் படம்னா உங்களுக்கு டக்குனு என்னென்ன ஞாபகம் வருது? லயன் கிங், அலாதீன், பியூட்டி அண்ட் தி பீஸ்ட், டார்ஜான். அதுக்கப்புறம்? ஃப்ரோஸன், மோவானா. சரி, டார்ஜான் வந்தது 1999. ஃப்ரோஸன் வந்தது 2013. நடுவுல இருக்குற அந்த இடைவெளியில, குறிப்பா 2000-லிருந்து 2009 வரைக்கும், டிஸ்னி என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

படம் எடுத்துட்டுத்தான் இருந்தாங்க. தி எம்பரர்ஸ் நியூ க்ரூவ், அட்லாண்டிஸ், லிலோ அண்ட் ஸ்டிட்ச், ட்ரெஷர் பிளானட், பிரதர் பேர், ஹோம் ஆன் தி ரேஞ்ச், சிக்கன் லிட்டில், மீட் தி ராபின்சன்ஸ், போல்ட். ‘நெமோ எங்க?’ன்னு கேக்காதீங்க. நெமோ பிக்ஸார் எடுத்தது, அப்போ அது தனி கம்பெனி, டிஸ்னி அதை வெளியிட்டாங்க. நான் சொல்றது டிஸ்னியோட சொந்த ஸ்டுடியோ எடுத்த படங்களை.

1989-ல லிட்டில் மெர்மெயிட்ல ஆரம்பிச்சு 1999 டார்ஜான் வரைக்கும் இருந்த பத்து வருஷத்தை டிஸ்னியோட மறுமலர்ச்சிக் காலம்னு சொல்வாங்க. அதுக்கு அடுத்து வந்த பத்து வருஷத்துக்கு நல்ல பேர் யாரும் வைக்கல. ‘அந்த டல்லான பீரியட்’, அவ்வளவுதான்.

இன்னைக்கு எபிசோட் அந்த டல்லான பீரியடைப் பத்தி. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எல்லாமே மறைஞ்சு கிடக்குற மாணிக்கம்னு நான் சொல்லப் போறதில்ல. சிக்கன் லிட்டிலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஹோம் ஆன் தி ரேஞ்ச் பார்த்தேன், மாடுங்க அழகா இருந்துச்சு, அத்தோட விட்டுடுவோம். ஆனா மிச்சம் இருக்குறதுல சில படங்கள் நிஜமாவே நல்ல படங்கள். அதைவிட முக்கியமா, அந்தப் படங்கள் ஓடாததுக்கு ஸ்டுடியோ ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. அந்தக் காரணம் தப்புன்னு நான் நினைக்கிறேன். அந்தத் தப்புக்கு விலை கொடுத்தவங்க வேற யாரோ. இந்த டாபிக்கை எடுத்ததுக்கு எனக்கு ஒரு பெர்சனல் காரணமும் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

ஸ்பாய்லர் இருக்கு. படங்கள் எல்லாம் இருபது வருஷம் பழசு, அதனால என்னைத் திட்டாதீங்க.

லாமாவும் ஒரு டெட்லைனும்

முதல்ல எம்பரர்ஸ் நியூ க்ரூவ், 2000. இந்தப் படம் ஆரம்பிச்சப்போ இது இந்தப் படமே இல்ல. பேரு ‘கிங்டம் ஆஃப் தி சன்’. டைரக்டர் ராஜர் அலர்ஸ், லயன் கிங்கோட ரெண்டு டைரக்டர்கள்ல ஒருத்தர். இன்கா சாம்ராஜ்யத்துல நடக்குற பெரிய காவியம், ராஜாவும் அவனை மாதிரியே இருக்குற ஒரு ஏழைப் பையனும் இடம் மாறிக்கிற கதை. பாட்டு எழுத ஸ்டிங்கைக் கூட்டிட்டு வந்தாங்க. வருஷக்கணக்கா வேலை நடந்துச்சு.

ஆனா உள்ளுக்குள்ள போட்டுப் பார்த்தப்போ மேலிடத்துக்குப் பிடிக்கல. அலர்ஸ் கூடுதல் டைம் கேட்டார். கிடைக்கல. ஏன்னா 2000 சம்மர்ல ரிலீஸ்னு நினைச்சு மெக்டொனால்ட்ஸ், கோகோ கோலா மாதிரி கம்பெனிகளோட விளம்பர ஒப்பந்தம் ஏற்கனவே போட்டாச்சு. நம்ம பாஷையில சொன்னா, சேல்ஸ் டீம் கிளையண்ட்கிட்ட தேதி சொல்லிட்டாங்க. அலர்ஸ் விலகிட்டார். அதுக்கப்புறம் மார்க் டிண்டல் கையில படம் தலைகீழா மாறுது. காவியம் காமெடி ஆகுது, ஓவன் வில்சன் போய் ஜான் குட்மேன் வர்றார், ஸ்டிங் எழுதின பாட்டுல பெரும்பாலானது தூக்கிப் போடப்படுது. இதையெல்லாம் ஸ்டிங்கோட மனைவி ட்ரூடி ஸ்டைலர் கூடவே இருந்து ஷூட் பண்ணாங்க. ‘தி ஸ்வெட்பாக்ஸ்’னு அந்த டாக்குமென்டரி 2002-ல டொரன்டோ விழாவுல காட்டப்பட்டது. அதுக்கப்புறம் டிஸ்னி அதை ஒழுங்கா வெளியிடவே இல்ல. ஏன்னு பார்த்தா உங்களுக்கே புரியும். ஒரு புராஜெக்ட் ரிவியூ மீட்டிங்ல நொறுங்கிப் போறதை அவ்வளவு கிட்டத்துல காட்டுற படம் வேற எதையும் நான் பார்த்ததில்ல.

கடைசியில படம் சம்மர்ல வரவும் இல்ல. டிசம்பர்ல வந்துச்சு. டார்ஜான் உலகம் முழுக்க வசூல் பண்ணதுல பாதிகூட வரல. ஆனா இடிபாட்டுல இருந்து எடுத்த செங்கல்ல கட்டின அந்தப் படம் எவ்வளவு ஜாலி தெரியுமா? குஸ்கோன்னு ஒரு தலைக்கனம் பிடிச்ச ராஜா. ஒரு கிராமத்தை இடிச்சுட்டு தனக்கு சம்மர் பங்களா கட்டணும்னு நினைக்கிறான். அவனை விஷம் வெச்சுக் கொல்லப் பார்த்து, பாட்டில் மாறி லாமாவா ஆக்கிடறாங்க. வில்லி இஸ்மாவும் அவ அடியாள் க்ரோங்கும் ஹீரோவைத் துரத்துறாங்க, நடுவுல பள்ளத்துல விழறாங்க, ஆனா ஹீரோவுக்கு முன்னாடியே கோட்டையில போய் நிக்கிறாங்க. ‘எப்படிடா?’ன்னு ஹீரோ கேட்டா, வில்லனுங்களுக்கே தெரியல. க்ரோங்க் மேப்பை விரிச்சுக் காட்டி, கணக்கு இடிக்குதுன்னு அவனே ஒத்துக்கிறான். தன்னோட பக்கை ரிலீஸ் நோட்ஸ்லயே போட்டுட்டு சிரிக்கிற படம் இது.

இன்னொரு விஷயம். முதல்ல யோசிச்ச முடிவுல, குஸ்கோ கிராமத்தை விட்டுட்டு வேற இடத்துல காட்டை அழிச்சு பங்களா கட்டுவான். ஸ்டிங் அதை எதிர்த்து லெட்டர் எழுதினார், இது நான் வாழ்க்கை முழுக்க பேசினதுக்கே எதிரா இருக்குன்னு. அதனால மாத்தினாங்க. இப்போ படத்துல அவன் பக்கத்து மேட்டுல ஒரு சின்னக் குடிசை போட்டுக்கிறான், அவ்வளவுதான். பாட்டெல்லாம் போன ஒரு மனுஷன், அந்தக் கோபத்துலயும் படத்துக்கு நல்லது ஒண்ணு பண்ணிட்டுப் போயிருக்கார்.

சில்வரோட கை

இப்போ மெயின் படத்துக்கு வருவோம். ட்ரெஷர் பிளானட், நவம்பர் 27, 2002.

இந்தப் படத்தை நான் முதல்ல பார்த்தது காலேஜ் ஹாஸ்டல்ல. தியேட்டர்ல வந்தப்போ எனக்கு அஞ்சு வயசுகூட இருக்காது. ஹாஸ்டல்ல ஒரு சீனியரோட ஹார்ட் டிஸ்க்ல ‘அனிமேஷன்’னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு, அதுக்குள்ள ‘சும்மா’ன்னு இன்னொரு ஃபோல்டர். இந்தப் படம் ‘சும்மா’ல இருந்துச்சு. நாளைக்கு காலையில சிக்னல்ஸ் பேப்பர், ராத்திரி ரெண்டு மணி. படிச்சது போதும்னு போட்டேன். முடிஞ்சப்போ ரூம்மேட் எழுந்திரிச்சு, ‘ஏன்டா அழுற, அவ்வளவு டஃப்பா?’ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனோட ட்ரெஷர் ஐலண்ட், அதை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மரக்கப்பல் விண்வெளியில பாய்மரம் விரிச்சுப் போகுது. கப்பலோட பேரு ‘ஆர்.எல்.எஸ். லெகஸி’. அந்த மூணு எழுத்து யாருன்னு இப்போ புரியுதா? ஸ்டீவன்சனோட இனிஷியல்.

ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர் ரெண்டு பேரும்தான் டைரக்டர்கள். லிட்டில் மெர்மெயிடும் அலாதீனும் எடுத்தவங்க. கிளெமென்ட்ஸ் இந்த ஐடியாவை முதல்ல சொன்னது 1985-ல. ஒரே மீட்டிங்ல ரெண்டு ஐடியா சொன்னார், ஒண்ணு லிட்டில் மெர்மெயிட், இன்னொண்ணு ‘விண்வெளியில ட்ரெஷர் ஐலண்ட்’. ரெண்டுமே அன்னைக்கு ரிஜெக்ட். மெர்மெயிட் அப்புறம் ஓகே ஆச்சு, சரித்திரம் ஆச்சு. இன்னொண்ணுக்காக அவங்க காத்திருந்தாங்க. அலாதீன் எடுத்தாங்க, ஹெர்குலிஸ் எடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் இதுக்குக் கதவு திறந்துச்சு. மீட்டிங்குக்கும் ரிலீஸுக்கும் நடுவுல 17 வருஷம். நம்ம ஆளுங்க ஒரு அப்ரெய்சல் தள்ளிப் போனாலே லிங்க்ட்இன்ல போஸ்ட் போடுவோம்.

டிசைனுக்கு ஒரு ரூல் வெச்சிருந்தாங்க, 70-30. எதை வரைஞ்சாலும் 70 சதவீதம் பழைய காலம், 30 சதவீதம் எதிர்காலம். அதனாலதான் அந்த உலகத்துல எதுவுமே பிளாஸ்டிக்கா தெரியாது. எல்லாம் மரம், பித்தளை, எண்ணெய் விளக்கு வெளிச்சம், ஆனா ஜன்னலுக்கு வெளியே நெபுலா.

இப்போ ஒரு எஞ்சினியரா என்னைப் பைத்தியமாக்குற விஷயம். ஜான் சில்வர் கேரக்டர். நாவல்ல ஒத்தைக் கால் கடற்கொள்ளைக்காரன், இங்க பாதி மனுஷன் பாதி மெஷின் மாதிரி ஒரு சைபார்க். அவன் உடம்பு, முகம், தொப்பை எல்லாத்தையும் க்ளென் கீன் பென்சில்ல வரைஞ்சார். ஏரியல், பீஸ்ட், டார்ஜானை எல்லாம் வரைஞ்ச அதே கீன். ஆனா அந்த மெஷின் கை இருக்கே, அது முழுக்க கம்ப்யூட்டர். அதை அனிமேட் பண்ணது எரிக் டேனியல்ஸ்னு இன்னொருத்தர். ஒரே கேரக்டர், தோளுக்கு இந்தப் பக்கம் பேப்பர், அந்தப் பக்கம் சாஃப்ட்வேர்.

இது நடக்குமான்னு டெஸ்ட் பண்ண அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 1953-ல வந்த பீட்டர் பேன் படத்துல இருந்து கேப்டன் ஹூக் வர்ற ஒரு துண்டை எடுத்து, அவர் கையை அழிச்சுட்டு கம்ப்யூட்டர் கையைப் பொருத்திப் பார்த்தாங்க. அம்பது வருஷப் பழைய கோட்டுல புது கை ஒட்டுதான்னு பார்த்தாங்க. ஒட்டுச்சு.

படத்துல சில்வர் முதல்ல வர்ற சமையல் ரூம் சீனைப் பாருங்க. அந்தக் கை கத்தியா மாறுது, வேற வேற கருவியா மாறுது, நறுக்குது, முட்டை உடைக்குது. அதே நேரம் அவன் முகம் சிரிச்சுக்கிட்டே ஜிம்மை எடை போடுது. எங்க பேப்பர் முடியுது, எங்க சாஃப்ட்வேர் ஆரம்பிக்குதுன்னு உங்க கண்ணு தேடாது. பின்னணிக்கு டார்ஜானுக்காக உருவாக்கின ‘டீப் கேன்வாஸ்’னு ஒரு சாஃப்ட்வேர். ஓவியர் முப்பரிமாண வெளியில தூரிகை ஓட்டுவார். அவரோட ஒவ்வொரு தீற்றலையும் சாஃப்ட்வேர் ஞாபகம் வெச்சுக்கிட்டு, கேமரா நகர நகர அதைத் திரும்ப வரையும். ஓவியத்துக்குள்ள கேமரா நடந்து போற மாதிரி இருக்கும்.

ஆக, கையா கம்ப்யூட்டரான்னு ஊரே அடிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, ரெண்டும் ஒரே உடம்புல இருக்கலாம்னு இவங்க செஞ்சே காட்டிட்டாங்க. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

டெக்னாலஜி இருக்கட்டும், நான் அழுதது கைக்காக இல்ல. ஜிம் ஹாக்கின்ஸ், டீன் ஏஜ் பையன். அப்பா சின்ன வயசுலயே விட்டுட்டுப் போயிட்டார். அம்மா சத்திரம் நடத்துறாங்க, இவன் போலீஸ்ல மாட்டிக்கிட்டே இருக்கான். கப்பல்ல சில்வர்கிட்ட எடுபிடி வேலைக்குச் சேர்றான். நடுவுல ஒரு பாட்டு சீன் வரும். ஒரு பக்கம் சில்வர் இவனுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுக்குறான், தரையைத் தேய்க்க விடுறான், சின்னப் படகு ஓட்ட விடுறான். இன்னொரு பக்கம், சின்னப் பையன் ஜிம் அப்பா பின்னாடி ஓடுறான், அவர் திரும்பிப் பார்க்காம படகேறிப் போறார். ஒரு வசனமும் இல்ல. யாரு அப்பா, அப்பான்னா என்ன வேலைன்னு நாலு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அடுத்தது இன்னும் முக்கியம். கப்பல் புயல்ல மாட்டுது. எல்லாரோட உயிர்க்கயிறையும் சரியா கட்டுறது ஜிம்மோட வேலை. அவன் சரியாத்தான் கட்டுறான். ஆனா ஸ்க்ரூப்னு ஒரு வில்லன் ஒருத்தரோட கயிறை அறுத்துடறான், ஏரோன்னு ஒரு நல்ல அதிகாரி செத்துப் போறார். எல்லாரும் ஜிம்மைப் பார்க்குறாங்க. ‘நான் செக் பண்ணேன்’னு அவன் சொல்றான், யாரும் நம்பல, கொஞ்ச நேரத்துல அவனே தன்னை நம்பல. சில்வர் மட்டும் வந்து பக்கத்துல நிக்கிறான், உனக்குள்ள பெருசா ஒண்ணு இருக்குன்னு சொல்லி, அழ விடுறான். அடுத்த நாளே அதே சில்வர், தன் ஆளுங்க முன்னாடி ‘அந்தப் பையன் எனக்கு ஒண்ணுமே இல்ல’ன்னு சொல்றதை ஜிம் ஒளிஞ்சிருந்து கேட்டுடறான்.

கடைசியில ஒரு கையில தங்கம் நிறைஞ்ச படகு, இன்னொரு பக்கம் விழப்போற ஜிம். சில்வர் வாழ்நாள் முழுக்க தேடின தங்கத்தை விட்டுடறான். அதுக்கப்புறம் ஜிம், சில்வரைப் பிடிச்சுக் கொடுக்காம போக விடுறான். படத்துல குறையே இல்லையான்னா, இருக்கு. பென்னுன்னு ஒரு ரோபோ வருது, அது வந்ததுல இருந்து எனக்குத் தலைவலி. ஆனா சில்வரும் ஜிம்மும் இருக்குற ஒவ்வொரு நிமிஷமும் மறுமலர்ச்சிக் காலத்துப் படம் எதுக்கும் குறைஞ்சது இல்ல.

பழி விழுந்த இடம்

படம் ஓடல. சாதாரணமா ஓடலைன்னு இல்ல, மூழ்கிடுச்சு. பட்ஜெட் சுமார் 14 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் சுமார் 11 கோடி. வெளிவந்த கொஞ்ச நாள்லயே டிஸ்னி சுமார் 7.4 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதிட்டாங்க.

இப்போ நாம ஆபீஸ்ல பண்ற மாதிரி ஒரு போஸ்ட்மார்ட்டம் பண்ணுவோம். ரூட் காஸ் என்ன?

ஒண்ணு, தேதி. ஹாரி பாட்டர் ரெண்டாம் பாகம் ரிலீஸாகி பன்னெண்டு நாள்தான் ஆகுது. ஜேம்ஸ் பாண்ட் படம் வந்து அஞ்சு நாள். அதே வயசுப் பசங்களை நம்பி இந்தப் படத்தை அந்த வாரத்துல இறக்குனாங்க. ரெண்டு, செலவு. அவ்வளவு பெரிய பட்ஜெட் போட்டா சாதாரண ஹிட்கூட நஷ்டம்தான். மூணு, டீன் ஏஜ் பசங்களுக்கு எடுத்த படத்துல டிஸ்னி முத்திரை இருந்தா, ‘இது குழந்தைங்க படம்’னு அவங்களே வர மாட்டாங்க. போன வருஷம் அட்லாண்டிஸுக்கும் இதேதான் நடந்துச்சு. பாட்டு கம்மி, வெடி அதிகம்னு டி-ஷர்ட் அடிச்சுப் போட்டுக்கிட்டு அந்த டீம் வேலை பார்த்தாங்க, ஆனா ஷ்ரெக் ஓடிட்டு இருந்த சம்மர்ல வந்து மாட்டிக்கிட்டாங்க.

ஸ்டுடியோ எழுதின ரூட் காஸ் என்ன தெரியுமா? பென்சில். ஷ்ரெக் ஓடுது, மான்ஸ்டர்ஸ் இன்க் ஓடுது, ஐஸ் ஏஜ் ஓடுது, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. நம்ம படம் ஓடல, அது கையால வரைஞ்சது. அதனால ஜனங்களுக்குக் கையால வரைஞ்சது பிடிக்கல. முடிஞ்சது.

ஆனா ஒரு எஞ்சினியருக்கு இங்க ஒரு கேள்வி வரணும். கண்ட்ரோல் எங்க? ஒரு மாற்றத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அதே மாற்றம் இருந்தும் வேலை செஞ்ச கேஸ் இருக்கான்னு பார்க்கணும்ல?

இருந்துச்சு. அதே ஸ்டுடியோ, அதே வருஷம், அஞ்சே மாசம் முன்னாடி. லிலோ அண்ட் ஸ்டிட்ச், ஜூன் 2002. கையால வரைஞ்ச படம். அதுலயும் பின்னணி முழுக்க வாட்டர்கலர், 1941-ல வந்த டம்போ காலத்துக்கப்புறம் டிஸ்னி கைவிட்ட பழைய முறை. அதாவது பென்சில்லயே இன்னும் பழைய பென்சில். பட்ஜெட் சுமார் 8 கோடி, வசூல் 27 கோடி டாலருக்கு மேல. கிறிஸ் சாண்டர்ஸ், டீன் டிபுளாய் ரெண்டு பேரும் எழுதி இயக்கினது. ஹெட் ஆபீஸ் கலிபோர்னியாவுல, இவங்க எடுத்தது ஃப்ளோரிடா கிளையில. சின்ன பட்ஜெட், தூரம் அதிகம், தொந்தரவு கம்மி.

அதுவும் எப்படிப்பட்ட கதை? ஹவாய்ல அப்பா அம்மா இல்லாத ரெண்டு பொண்ணுங்க. அக்கா நானி வேலைக்கும் போகணும், தங்கச்சியையும் வளர்க்கணும். சமூகநலத் துறை ஆள் வந்து வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்குறார். ஏலியன் எல்லாம் அப்புறம், நானி வேலை தேடி அலையுற சீன்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் படம். கிளைமாக்ஸ்ல முதல்ல ஸ்டிட்ச் ஒரு போயிங் விமானத்தைக் கடத்திக் கட்டடங்களுக்கு நடுவுல ஓட்டுற மாதிரி வரைஞ்சிருந்தாங்க. 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் அதை விண்கலமா மாத்தி, மலைகளுக்கு நடுவுல போக வெச்சாங்க. 2025-ல இதோட லைவ் ஆக்‌ஷன் ரீமேக் 100 கோடி டாலரைத் தாண்டினது உங்களுக்கே தெரியும். அந்த நீலக் குட்டி பிறந்தது இந்த டல்லான பீரியட்லதான்.

இன்னொரு டேட்டா பாயிண்ட். 2003 மார்ச், ஆஸ்கர். சிறந்த அனிமேஷன் படத்துக்கு அஞ்சு படம் போட்டி போட்டுச்சு. ஐஸ் ஏஜ், லிலோ, ட்ரெஷர் பிளானட், ஸ்பிரிட், அப்புறம் மியாசாகியோட ஸ்பிரிட்டெட் அவே. அஞ்சுல முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சது ஸ்பிரிட்டெட் அவே, கையால வரைஞ்சது. அதை அமெரிக்காவுல வெளியிட்டது யாருன்னு சொல்லுங்க? டிஸ்னி. அதோட இங்கிலீஷ் டப்பிங்கை இயக்கினவர் கிர்க் வைஸ், அட்லாண்டிஸ் எடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர். ஆதாரம் அவங்க வீட்டு அலமாரியிலேயே இருந்துச்சு.

யாரும் பார்க்கல. 2004-ல ஃப்ளோரிடா ஸ்டுடியோவை மூடினாங்க. ஆமா, லிலோ எடுத்த அதே ஸ்டுடியோ. அது டிஸ்னியோட தீம் பார்க்குக்குள்ளயே இருந்துச்சு, வர்ற ஜனங்க கண்ணாடி வழியா அனிமேட்டர்கள் வரையுறதைப் பார்த்துட்டுப் போகலாம். அவங்க கடைசியா எடுத்த படம் பிரதர் பேர், 2003. அதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஹீரோ கெனாய் மனுஷனா இருக்குற வரைக்கும் திரை குறுகலா இருக்கும். அவன் கரடியா மாறிக் கண்ணைத் திறந்ததும் திரையே அகலமாகும், கலரெல்லாம் கூடும். வேற உடம்புல இருந்து பார்த்தா உலகம் பெருசுன்னு, ஒரு வார்த்தை பேசாம சொல்லிடறாங்க. இப்படி யோசிச்சவங்களுக்குத்தான் கதவைச் சாத்தினாங்க.

2005-ல முழுக்க கம்ப்யூட்டர்ல சிக்கன் லிட்டில் வந்துச்சு. அதைப் பத்தி நான் ஏற்கனவே சொல்லிட்டேன். 2006-ல பிக்ஸாரை வாங்கினதும் அங்கிருந்து வந்த புது தலைமை, தப்பு பென்சில் மேல இல்லன்னு சொன்னாங்க. கிளெமென்ட்ஸையும் மஸ்கரையும் திரும்பக் கூப்பிட்டு, 2009-ல பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக் கையால வரைய வெச்சாங்க. ஆனா கலைஞ்ச டீம் கலைஞ்சதுதான். சாண்டர்ஸும் டிபுளாயும் ட்ரீம்வொர்க்ஸ் போய் 2010-ல ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன் எடுத்தாங்க. டிஸ்னி 2011-ல வின்னி தி பூ எடுத்ததோட, கையால வரைஞ்ச முழுநீளப் படத்தை நிறுத்திட்டாங்க.

நான் டைப் பண்ண டாக்குமென்ட்

மீட் தி ராபின்சன்ஸ்னு 2007-ல ஒரு படம். எதைக் கண்டுபிடிச்சாலும் சொதப்புற லூயிஸ்னு ஒரு அனாதைப் பையன். அதுல ஒரு குடும்பம், அவன் மெஷின் வெடிச்சதும் கைதட்டி, தோல்வியைக் கொண்டாடும். எல்லாரும் அந்த சீனைத்தான் ஷேர் பண்ணுவாங்க. எனக்குப் பிடிச்சது வில்லன். அவன் லூயிஸோட பழைய ரூம்மேட் கூப். சின்ன வயசுல ஒரு பேஸ்பால் மேட்ச்ல தூங்கி வழிஞ்சு கேட்ச்சை விட்டுடறான், ஏன்னா ராத்திரி முழுக்க லூயிஸ் மெஷின் தட்டிட்டு இருந்தான். அந்த ஒரு காரணத்தைப் பிடிச்சுக்கிட்டு, வாழ்க்கை முழுக்க வேற எதையும் யோசிக்காமலேயே வளர்ந்துடறான். தப்பான ரூட் காஸ் ஒரு மனுஷனை வில்லனாக்குற கதை அது.

இப்போ அந்தப் பெர்சனல் காரணம்.

என்னோட முதல் கம்பெனியில, குடோன்ல சரக்கு கணக்கு பார்க்குறவங்களுக்கு ஒரு ஆப் பண்ணோம். எங்க லீடை நாங்க அண்ணான்னுதான் கூப்பிடுவோம். லாக் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்துல உக்காந்து, ‘அவசரப்படாத, மேல இருந்து படி’ன்னு சொல்வார். நான் புரொடக்‌ஷனை உடைச்ச அன்னைக்கு, மெயில்ல ‘டீம்’னுதான் எழுதினார், என் பேரை எழுதல.

ஆப்பை தீபாவளிக்கு முந்தின வாரம் லாஞ்ச் பண்ணச் சொன்னாங்க. குடோன்காரங்களுக்கு வருஷத்துலயே பிஸியான வாரம் அது. அண்ணா ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னார். கேக்கல. யாருக்கும் ட்ரெய்னிங் இல்ல. முதல் நாள் எல்லாரும் லாகின் பண்ணாங்க, ரெண்டாவது நாள் நோட்டுப் புஸ்தகத்துக்குத் திரும்பிட்டாங்க.

போஸ்ட்மார்ட்டம் மீட்டிங்ல மேல இருக்குறவர் ரூட் காஸ் சொன்னார்: பழைய டெக்னாலஜி. அந்த டாக்குமென்ட்டை டைப் பண்ணது நான். சர்வர் ஒரு தடவைகூட விழலன்னு எனக்குத் தெரியும். லாக் என்கிட்ட இருந்துச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சிருந்தேன். இருந்தும் டைப் பண்ணேன். டைம்லைன்ல லாஞ்ச் தேதியைப் போடல. அண்ணா படிச்சுட்டு, ‘டைம்லைன்ல லாஞ்ச் தேதி விட்டுப்போச்சு போல’ன்னு மட்டும் கேட்டார். ‘ஆமாண்ணா, சேர்த்துடறேன்’னு சொன்னேன். சேர்க்கல. ரெண்டு மாசத்துல டீமைக் கலைச்சாங்க, அவர் வேலையை விட்டுப் போயிட்டார்.

போன பொங்கல் லீவ்ல ட்ரெஷர் பிளானட்டைத் திரும்பப் பார்த்தேன். கயிறு சீன் வந்தப்போ பாஸ் பண்ணிட்டேன். ஹாஸ்டல்ல பார்த்தப்போ நான் ஜிம்னு நினைச்சேன். இந்தத் தடவை, அந்தக் கப்பல் மேல்தளத்துல சுத்தி நின்னு, ஒண்ணும் பேசாம ஜிம்மைப் பார்த்துட்டு இருக்குற கூட்டம் இருக்கே, அதுல என்னைப் பார்த்தேன். கயிறு சரியாத்தான் கட்டியிருந்துச்சுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காத ஒருத்தன்.

ஒரு படத்தை ஃபிளாப்னு சொல்றது ஈஸி. ஆனா எதனால ஃபிளாப்னு எழுதறப்போ, அந்த வரியில யாரோ ஒருத்தரோட வேலை இருக்கு. அதனாலதான் இந்தப் பழைய படங்களை இன்னொரு தடவை பார்க்கச் சொல்றேன். உங்க ஆபீஸ்லயும் அடுத்த தடவை அந்த டாக்குமென்ட் உங்க கையில வந்தா, தேதியைப் போட்டுடுங்க.

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அண்ணாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். நடந்ததை எல்லாம் எழுதி, மன்னிச்சுடுங்கன்னு கேட்டு, கூடவே இந்தப் படத்தைப் பத்தியும் நீளமா எழுதிட்டேன். ஒரு மணி நேரம் ப்ளூ டிக் மட்டும். அப்புறம் ரிப்ளை வந்துச்சு. ‘தெரியும்டா. அந்தப் படம் எந்த ஓடிடில இருக்கு? பொண்ணு கேக்குறா.’

சரி மக்களே, ஹோம்வொர்க். முதல்ல நியூ க்ரூவ் பாருங்க, வயிறு குலுங்க சிரிச்சுட்டு லிலோவுக்கு வாங்க. ட்ரெஷர் பிளானட்டைத் தனியா, ராத்திரியில பாருங்க. ரூம்மேட் எழுந்துட்டா எக்ஸாம் மேல பழி போட்டுக்கலாம், அதுக்கு மட்டும் நான் அனுமதி தர்றேன். உங்களுக்குப் பிடிச்சு, ஊருக்குப் பிடிக்காத படம் எதுன்னு எழுதி அனுப்புங்க, ஆனா ஏன் ஓடலன்னு ஒரு காரணமும் சேர்த்து அனுப்பணும். லாஜிக் இடிச்சா க்ரோங்க் மாதிரி மேப்பை விரிச்சுடுவேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். டேக் கேர், பை!